தாதியர் கல்லூரி மகளுக்கு எந்த மீட்டல் நூல்?

தாதியர் பயிற்சிக்கு மகள் தெரிவாகிவிட்டாள் என்ற கடிதம் வந்ததும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. வெள்ளைச் சீருடை, சப்பாத்து, மணிக்கூடு, விடுதிக்கான சாமான்கள் என்று உம்மா ஒரு பட்டியல் போடுகிறார். வாப்பா கணக்குப் பார்க்கிறார். ஆறு மாதம் கழியுமுன்னரே மகளிடமிருந்து இன்னொரு பட்டியல் வருகிறது. அதில் இருப்பவை புத்தகங்கள்! பாடநூல்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்றே, இவை எவை என்று கேட்டால், “இவை பரீட்சைக்கு மீட்டல் செய்யும் நூல்கள் வாப்பா, எல்லோரும் வைத்திருக்கிறார்கள்” என்கிறாள்.

இந்த “எல்லோரும் வைத்திருக்கிறார்கள்” என்ற சொல்லில்தான் பல குடும்பங்களின் பணம் கரைந்து போகிறது. ஒவ்வொன்றும் தலையணை கனத்தில் இருக்கும் அமெரிக்க நூல்கள் இவை. புதிதாக வாங்கினால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாதச் செலவில் பெரும் பங்கை ஒரே நூல் விழுங்கிவிடும். மூன்று, நான்கு நூல்களை வாங்கி அடுக்கிவிட்டு, எதையும் பாதிகூடப் படிக்காமல் பரீட்சைக்குப் போகும் மாணவிகள் இருக்கிறார்கள். ஒரேயொரு நூலை, அதுவும் தோழியருடன் பகிர்ந்து வைத்துக்கொண்டு, சிறப்பாகச் சித்தியடைபவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது? நூலின் தொகையில் அல்ல. எந்த நூல் எதற்காக எழுதப்பட்டது என்று அறிந்து தெரிவு செய்வதிலும், அதைப் பயன்படுத்தும் முறையிலும்தான் இருக்கிறது.

பாடநூல் வேறு, மீட்டல் நூல் வேறு

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு “மத்ன்” என்றும் “ஷரஹ்” என்றும் இருவகை நூல்கள் பழக்கமானவை. மத்ன் என்பது சுருக்கம், மனதில் நிறுத்துவதற்கு. ஷரஹ் என்பது அதன் விளக்கம், புரிந்துகொள்வதற்கு. விளக்கத்தைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் மனனம் செய்தவர், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலும் தடுமாறிவிடுவார். தாதியர் படிப்பிலும் இதே கதைதான். பாடநூலும் விரிவுரையும் வார்ட்டில் பெறும் பயிற்சியும் விளக்கம். மீட்டல் நூல் சுருக்கமும் சோதனையும். படிக்காத பாடத்தை மீட்டல் நூலில் படித்துச் சமாளிக்கலாம் என்று எண்ணுபவள், இல்லாத ஒன்றை மீட்டப் பார்க்கிறாள். எனவே முதல் விதி இதுதான்: பாடநூல் இல்லாமல் மீட்டல் நூல் வாங்க வேண்டாம். கையில் பணம் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் அது பாடநூலுக்கே போகட்டும்.

இந்த நூல்கள் யாருக்காக எழுதப்பட்டவை?

எமது மாணவிகள் கையில் காணப்படும் மீட்டல் நூல்களில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவில் தாதியாகப் பதிவு பெறுவதற்கான “என்கிளெக்ஸ்” என்ற பரீட்சைக்காக எழுதப்பட்டவை. அந்தப் பரீட்சையைப் பற்றி ஓரளவு தெரிந்தால்தான் நூலை எடைபோட முடியும்.

என்கிளெக்ஸ் 1994ஆம் ஆண்டு முதல் கணினியில் நடத்தப்படுகிறது. ஒருவர் சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அவருடைய தரம் போதுமா இல்லையா என்று கணினிக்குத் தெளிவானதும் பரீட்சை நின்றுவிடும். 2023 ஏப்ரலில் இந்தப் பரீட்சை பெரிய மாற்றம் ஒன்றைக் கண்டது. அப்போது வகுத்த ஒழுங்கின்படி, குறைந்தது 85 கேள்விகள், கூடியது 150, நேரம் ஐந்து மணித்தியாலம். முக்கியமான மாற்றம் கேள்வியின் வகையில்தான். ஒரு நோயாளியின் முழு விபரத்தையும் தந்து, அவரைப் பற்றி ஆறு கேள்விகளைத் தொடராகக் கேட்கும் முறை புகுத்தப்பட்டது. அந்த ஆறும் ஆறு படிகள்: அறிகுறிகளைக் கண்டுகொள்ளுதல், அவற்றை ஆராய்தல், எது முதன்மையானது என்று முடிவு செய்தல், செய்யக்கூடியவற்றைத் திட்டமிடல், செயற்படல், பலனை மதிப்பிடல்.

இந்தப் பரீட்சையின் பாடத்திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் திட்டத்தில் பராமரிப்பை நிர்வகித்தல் என்ற பகுதிக்கு நூற்றுக்கு 15 முதல் 21 வரையும், மருந்துகள் பற்றிய பகுதிக்கு 13 முதல் 19 வரையும், பாதுகாப்பு மற்றும் தொற்றுத் தடுப்புக்கு 10 முதல் 16 வரையும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே அமெரிக்கா செல்லும் எண்ணமுள்ள மாணவி 2023க்கு முன் வெளிவந்த நூலை நம்பிப் போனால் புதிய கேள்வி முறையை அதில் காணமாட்டாள். அந்த எண்ணமில்லாமல் இங்கே கல்லூரிப் பரீட்சைக்காக மட்டும் படிப்பவளுக்கோ, பரீட்சை முறையைவிட பாட உள்ளடக்கமே முக்கியம். ஒரே நூல் ஒருத்திக்குப் பொருத்தம், இன்னொருத்திக்குப் பொருத்தமில்லை என்பது இதனால்தான்.

நான்கு வகை நூல்கள்

கடையில் அடுக்கியிருக்கும் நூல்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுருக்கமும் கேள்விகளும் சேர்ந்த முழுமையான நூல். லிண்டா ஆன் சில்வெஸ்திரி எழுதிய சௌண்டர்ஸ் மீட்டல் நூல் இதற்குப் பெயர் பெற்றது. எல்லாப் பாடங்களையும் சுருக்கி, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கேள்விகளையும் தருகிறது. ஒரேயொரு நூல்தான் வாங்க முடியும் என்றால் இந்த வகையே ஏற்றது.

இரண்டாவது, கேள்வி விடை மட்டும் கொண்ட நூல். லிப்பின்கொட் வெளியிட்ட கேள்வி விடை மீட்டல் நூல் இதற்கு உதாரணம். பாடங்களைப் படித்து முடித்த இறுதி ஆண்டு மாணவிக்கு இது உதவும். முதலாம் ஆண்டு மாணவி இதை வாங்கினால் பத்துக் கேள்வியில் எட்டுக்குத் தவறான விடை எழுதி மனமுடைந்து போவாள்.

மூன்றாவது, பாடவாரியான நூல். டேவிஸ் நிறுவனத்தின் “ஃபண்டமென்டல்ஸ் சக்சஸ்”, “மெட்-சேர்ஜ் சக்சஸ்” போன்றவை ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக் கேள்விகளாகத் தருகின்றன. கல்லூரியில் அந்தந்தப் பருவத்தில் நடக்கும் பாடத்தோடு சேர்த்துச் செய்வதற்கு இவை வசதி. தாதியியலின் அடிப்படைகளில் தடுமாறும் முதலாம் ஆண்டு மாணவிக்குப் பெரிய நூலைவிட இப்படியொரு சிறு நூலே கைகொடுக்கும்.

நான்காவது, ஒரு திறமையை மட்டும் வளர்க்கும் நூல். எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் பயிற்றுவிக்கும் லாசாரிட்டியின் நூல் இந்த வகை. மருந்தளவுக் கணக்குக்கென்றே தனி நூல்களும் உள்ளன. இவை கூடுதல் உதவிக்கானவை. முதலில் வாங்க வேண்டியவையல்ல.

கடையில் நின்றே பத்து நிமிடத்தில் சோதிக்கலாம்

நூலின் அட்டையில் “ஆயிரக்கணக்கான கேள்விகள்” என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மீட்டல் நூலின் உயிர் அதன் கேள்வியில் இல்லை, விடைக்குத் தரும் விளக்கத்தில் இருக்கிறது.

மாணவி தனக்கு நன்கு தெரிந்த ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பகுதியில் ஐந்து கேள்விகளை வாசித்து, விடை விளக்கத்தைப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதயப் பலவீனத்துக்காக டிகொக்சினும் ஃபுரோசமைடும் எடுக்கும் ஒரு முதியவர், குமட்டுகிறது என்றும் விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்றும் சொல்கிறார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52. காலை மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்?

தரக்குறைவான நூல், “விடை: டிகொக்சினை நிறுத்திவைத்து டொக்டருக்கு அறிவித்தல்” என்று ஒரு வரியில் முடித்துவிடும். நல்ல நூல் என்ன சொல்லும்? குமட்டலும் மஞ்சள் பார்வையும் குறைந்த நாடித்துடிப்பும் டிகொக்சின் நஞ்சாகத் திரும்பியதன் அடையாளங்கள் என்று சொல்லும். ஃபுரோசமைட் சிறுநீருடன் பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும், பொட்டாசியம் குறைந்தால் டிகொக்சினின் நச்சுத்தன்மை கூடும், ஆகவே இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவையும் பார்க்க வேண்டும் என்று தொடர்பைக் காட்டும். வளர்ந்தவர்களுக்கு டிகொக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்து அறிவிக்க வேண்டும் என்று நினைவூட்டும். அதோடு நில்லாமல், குமட்டலுக்கு மருந்து கொடுப்பது ஏன் முதல் வேலையல்ல, கண் டொக்டரிடம் அனுப்புவது ஏன் தவறு என்று மற்ற விடைகளையும் ஒவ்வொன்றாக அலசும். பிழையான விடை ஏன் பிழை என்று சொல்லாத நூல் பாதி விலைக்குக் கூட வாங்கத் தகாதது.

இன்னொரு வகைக் கேள்வியையும் தேடிப் பார்க்க வேண்டும். நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் வலி என்று சத்தமிடுகிறார். ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். ஒருவர் வீடு செல்லக் காத்திருக்கிறார். நான்காமவர் ஆஸ்துமா நோயாளி. சற்று முன்வரை இழுப்புச் சத்தம் கேட்டது, இப்போது சத்தமில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கிறார். யாரை முதலில் பார்ப்பது? சத்தமிடுபவரை நோக்கித்தான் கால் போகும். ஆனால் ஆஸ்துமாக்காரரின் அமைதிதான் ஆபத்து. மூச்சுக் குழாயில் காற்றே போகாதபோதுதான் இழுப்புச் சத்தமும் நின்றுவிடுகிறது. மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகள் மட்டும் உள்ள நூலைவிட, இப்படிச் சிந்திக்க வைக்கும் கேள்விகள் உள்ள நூல் பல மடங்கு மேலானது.

பழைய பதிப்பு வாங்கலாமா?

மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் இந்த நூல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. படித்து முடித்த ராத்தாமார் தங்கள் நூல்களைத் தங்கைமாருக்குக் கொடுப்பதும் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

உடற்கூறு மாறுவதில்லை. இதயத்துக்கு அன்றும் நான்கு அறைகள், இன்றும் நான்கு அறைகள். அதற்குப் பத்து வருடப் பழைய நூலும் போதும். ஆனால் சிகிச்சை முறை மாறுகிறது. நின்றுபோன இதயத்தை மீட்கும் முதலுதவியில் முன்பு மூச்சுவழி, சுவாசம், பிறகு நெஞ்சழுத்தம் என்ற ஒழுங்கு இருந்தது. 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் அதை மாற்றி நெஞ்சழுத்தத்தை முதலில் வைத்தது. படுக்கைப் புண்ணுக்கு அமெரிக்காவில் வழங்கிய “அழுத்தப் புண்” என்ற பெயர் 2016இல் “அழுத்தக் காயம்” என்று மாற்றப்பட்டது. 2017இல் அமெரிக்க இதய நிபுணர்கள் உயர் இரத்த அழுத்தத்தின் எல்லையை 140க்கு 90 என்பதிலிருந்து 130க்கு 80 என்று குறைத்தார்கள். 2009இல் அச்சிட்ட நூலை நம்பிப் படிப்பவள் இவை மூன்றிலும் தவறான விடையையே சரி என்று மனதில் பதித்துக்கொள்வாள்.

ஆகவே மருந்துகள், தொற்றுத் தடுப்பு, அவசர சிகிச்சை ஆகிய மூன்றுக்கும் புதிய பதிப்பே வேண்டும். பழைய நூல் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல நூல்களின் கேள்விகளில் பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. அதற்கான இரகசிய இலக்கம் நூலினுள் இருக்கும். முதலில் வாங்கியவர் அதைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டாவது ஆளுக்கு அது பெரும்பாலும் திறக்காது.

எமது நாட்டுக்குப் பொருந்தாதவை

அமெரிக்க நூலை அப்படியே விழுங்கினால் எமது வார்ட்டில் தடுமாற நேரிடும். சில உதாரணங்கள்.

மருந்துகளின் பெயர். நாம் பரசிட்டமோல் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். எமது சல்பியூட்டமோல் அவர்களுக்கு அல்பியூட்டரோல். எமது அட்ரினலின் அவர்களுக்கு எபிநெஃப்ரின். பெதிடினை மெப்பரிடின் என்று எழுதுவார்கள். மருந்து ஒன்றே, பெயர்தான் இரண்டு.

அளவுகள். இரத்தத்தில் சீனியின் அளவை அமெரிக்க நூல் மில்லிகிராமில் தரும். சில ஆய்வுகூட அறிக்கைகளில் அது மில்லிமோலில் வரும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். சாப்பிடாத நிலையில் 126 மில்லிகிராம் என்பதும் 7 மில்லிமோல் என்பதும் ஒன்றே.

தடுப்பூசி. இலங்கையில் குழந்தை பிறந்ததுமே பீ.சீ.ஜீ. ஊசி போடுகிறோம். அமெரிக்காவில் அது வழக்கமாகப் போடப்படுவதில்லை. எம்.எம்.ஆர். ஊசியின் முதல் தடவை எமது நாட்டில் 9 மாதத்தில், அங்கே 12 முதல் 15 மாதத்துக்குள். கல்லூரிப் பரீட்சையில் அமெரிக்க அட்டவணையை எழுதினால் புள்ளி போய்விடும். கிளினிக்கில் தாய்மாருக்கு அதைச் சொன்னால் குழந்தைக்குத் தீங்காகிவிடும்.

வேலைப் பங்கீடு. அங்கே தாதியருக்குள்ளேயே பல தரங்கள் உண்டு. யார் எதைச் செய்யலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. அந்தக் கேள்விகள் எமது வைத்தியசாலை ஒழுங்குக்குப் பொருந்தா.

இவற்றுக்கெல்லாம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. நூலின் ஓரத்தில் பென்சிலால் எமது பெயரையும் எமது அளவையும் குறித்துக்கொண்டே படிப்பது. ஒரு வருடத்தில் அமெரிக்க நூல் இலங்கை நூலாக மாறிவிடும்.

வாங்கிய நூலை எப்படிப் படிப்பது?

கதைப் புத்தகம் போல முதற் பக்கத்திலிருந்து வாசிப்பதும், வண்ணப் பேனையால் கோடு போடுவதும் பலரின் வழக்கம். கோடு போட்ட பக்கம் அழகாக இருக்கும், நினைவில் இருக்காது. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முன்னே நின்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்ததை மூடிவைத்துத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். குர்ஆன் மத்ரஸாவில் பாடத்தை மூடிவைத்து ஒப்புவிக்கச் சொல்லும் பழைய முறையின் பயனும் இதுவே.

எனவே கல்லூரியில் ஒரு பாடம் முடிந்ததும் அதே வாரத்தில் அதற்குரிய கேள்விகளைச் செய்ய வேண்டும். நாளொன்றுக்கு இருபது, முப்பது கேள்வி போதும். விடையை மூடிவைத்து எழுத வேண்டும். பிறகு சரியாக எழுதியவற்றின் விளக்கத்தையும் வாசிக்க வேண்டும். குருட்டுத்தனமாகச் சரிவந்த விடையும் இருக்குமல்லவா?

தவறியவற்றுக்கு ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தவறுக்கும் நேரே மூன்றில் ஒரு காரணத்தை எழுதட்டும்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, எது முதலில் என்று தெரிவு செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டினால் தன் நோயைத் தானே கண்டுபிடித்துவிடுவாள். முதற் காரணம் அதிகமென்றால் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது அதிகமென்றால் அவசரத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது அதிகமென்றால் அப்போதுதான் லாசாரிட்டி போன்ற நூலுக்குப் பணம் செலவிட வேண்டும். வகுப்பிலுள்ள அனைவரும் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

மகள் கேட்கும் எல்லா நூலையும் வாங்கிக் கொடுப்பது பாசம்தான். ஆனால் “எதற்காக இந்த நூல், எந்தப் பரீட்சைக்கு, எந்த ஆண்டுப் பதிப்பு?” என்று மூன்று கேள்வி கேட்பதும் பாசமே. பதில் சொல்லத் தெரிந்தால் வாங்கிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அதைத் தேடி அறிந்துவரச் சொல்லுங்கள். விடுதியில் ஒரே அறையில் இருக்கும் மூன்று பேர் ஆளுக்கொரு வகை நூல் வாங்கி மாற்றிக்கொண்டால் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் விடை சொல்லும் பழக்கமும் கூடவே வரும். கல்லூரி நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். யாரோ எடுத்த போட்டோகொப்பியை வாங்குவதில் கவனம் தேவை. எழுதியவரின் உரிமை ஒருபுறம் இருக்க, விடை விளக்கப் பக்கங்கள் விடுபட்ட பிரதி எதற்கும் உதவாது.

பரீட்சையில் ஐம்பது புள்ளி பெற்றால் சித்தி என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் வார்ட்டில் அந்தக் கணக்குச் செல்லாது. 5 மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் உள்ள பாணியில், 250 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லியிருந்தால் 10 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, முப்பது நோயாளிகளுக்கு மத்தியில், தூக்கக் கலக்கத்திலும் அந்தக் கணக்குத் தவறக்கூடாது. கட்டிலில் படுத்திருப்பவர் உங்கள் உம்மாவாக இருக்கலாம், என் பிள்ளையாக இருக்கலாம். அவருடைய நூற்றுக்கு நூறும் அந்தத் தாதியின் கையிலேயே இருக்கிறது. மகளுக்கு நூல் தெரிவு செய்யும்போது பெற்றோரும் பிள்ளையும் மனதில் வைக்க வேண்டியது பரீட்சைத் தாளை அல்ல, அந்தக் கட்டிலைத்தான்.